மணமும் இனமும்

ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் தமிழர் வீடுகளின் மாடித் தொட்டிகளில் பெரும்பாலும் காணப்படும் செடிகளுள் ஒன்று கற்பூரவல்லி. தடித்து, மென்மயிர் அடர்ந்து, விளிம்பில் பற்கள் கொண்டிருக்கும் அதன் இலையைக் கிள்ளிச் சளிக்குக் கஷாயம் வைப்பர். கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி போடுவர். அதே செடியை அடுத்த வீட்டுத் தெலுங்கர் ‘வாமு ஆக்கு’ என்பர். வாமு என்பது ஓமம். ஆக்கு என்பது இலை. இந்தியும் உருதும் பேசுவோர் ‘அஜ்வாயின் பத்தா’ என்பர். அதற்கும் ஓம இலை என்பதே பொருள். ஒரே இலையை முகர்ந்தபோது தமிழர் கற்பூரத்தை நினைத்தனர். மற்றவர் ஓமத்தை நினைத்தனர்.

இவர்களுள் எவருடைய மூக்குச் சரியாகச் சொல்லியது? இலையின் எண்ணெயைப் பிரித்துப் பார்த்த வேதியியலார் விடை தந்துள்ளனர். கற்பூரவல்லி இலையின் எண்ணெயில் மிகுந்து காணப்படுபவை கார்வக்ரால், தைமால் என்னும் பொருள்கள். ஓம விதைக்கு அதன் காரமான மணத்தைத் தருவதும் தைமாலே. ஆகவே தெலுங்குப் பெயரே வேதியியலுக்கு நெருக்கமானது. தமிழர் இதற்காக வருந்த வேண்டியதில்லை. ‘ஓமவல்லி’ என்று இச்செடிக்குத் தமிழிலும் மற்றொரு பெயர் உண்டு.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. மணத்தால் ஒன்றான கற்பூரவல்லியும் ஓமமும் உறவால் ஒன்றல்ல. கற்பூரவல்லி, துளசியும் புதினாவும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஓமமோ கொத்தமல்லியும் சீரகமும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. தாவர உலகில் இவ்விரு குடும்பங்களும் மிகவும் தள்ளி நிற்பவை. அப்படியானால் ஒரு செடியின் மணத்தைக் கொண்டு அதன் இனத்தைச் சொல்ல முடியுமா? முடியும் என்றும், எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும் என்றும் நூறாண்டுக்கு மேற்பட்ட ஆய்வு கூறுகிறது.

இலைக்குள் எண்ணெய்

தாவரங்களை வகைப்படுத்துவோர் மிக நெருங்கிய உறவுடையவற்றை ஒரே சிற்றினம் என்பர். உறவுடைய சிற்றினங்கள் பல சேர்ந்தது பேரினம். பேரினங்கள் பல சேர்ந்தது குடும்பம். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலிலிருந்து ஒவ்வொரு தாவரத்துக்கும் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என இரு சொற்களால் பெயரிடும் முறை நிலைபெற்றது. பூவின் உறுப்புகளை எண்ணியும் அளந்தும் உறவைக் கண்டறிவது அக்கால வழக்கம். இன்றும் அதுவே முதற்படி. எனினும் பூ ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. இலை எப்போதும் கிடைக்கும்.

மணமுள்ள இலை எதுவாயினும் அதில் எண்ணெயைச் சேமித்து வைக்கும் இடம் ஒன்று இருக்கும். துளசி, புதினா, கற்பூரவல்லி ஆகியவற்றில் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் எண்ணெய் தங்கும். அதனாலேயே அவற்றை மெல்லத் தடவினாலே விரலில் மணம் ஏறுகிறது. எலுமிச்சை, வில்வம், விளா ஆகியவற்றில் எண்ணெய் இலையின் உட்பகுதியிலுள்ள சிறு பைகளில் இருக்கும். இவ்விலைகளை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால், ஊசியால் குத்தியது போன்ற ஒளிப்புள்ளிகள் தெரியும். உருப்பெருக்குக் கண்ணாடி இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அப்புள்ளிகளே எண்ணெய்ப் பைகள்.

சமையலறையிலிருந்து ஒரு கறிவேப்பிலையை எடுத்து இவ்வாறு பார்ப்பது பயனுள்ளது. கறிவேப்பிலை என்னும் பெயரிலேயே வேப்பிலை இருக்கிறது. தெலுங்கிலும் அது ‘கரிவேப்பாக்கு’. அங்கும் ‘வேப்ப’ என்பது வேம்பே. இரு மொழியினரும் அதை வேம்பின் உறவாகக் கருதிப் பெயரிட்டனர் என்று தோன்றுகிறது. இலைக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக அமைந்திருப்பதைக் கண்டு அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் கறிவேப்பிலையை ஒளிக்கு எதிரே பிடித்தால் புள்ளிகள் தெரிகின்றன. வேப்பிலையைப் பிடித்தால் தெரிவதில்லை. கறிவேப்பிலை, எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது. வேம்பு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. எக்கருவியும் இன்றி, எண்ணெய் இருக்கும் இடத்தை மட்டும் பார்த்தே இந்த உண்மையை ஒரு சிறுவன் கண்டுகொள்ளலாம்.

எண்ணெய் இருக்கும் இடம் மட்டுமன்று, எண்ணெயில் இருக்கும் பொருளும் உறவைக் கூறக்கூடும். செடி ஏன் எண்ணெயை உண்டாக்குகிறது? இலையைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டவும், பூஞ்சைகளைத் தடுக்கவும் அது உதவுகிறது. அதை உண்டாக்கும் வேலையைச் செய்பவை நொதிகள். எந்த நொதி எச்செடியில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவை மரபணுக்கள். மரபணுக்கள் பெற்றோரிடமிருந்து வருபவை. ஆகவே எண்ணெயைப் படிப்பது மரபணுவைச் சுற்றுவழியில் படிப்பதாகும். மரபணுவை நேராகப் படிக்கும் கருவிகள் இல்லாத காலத்தில் இச்சுற்றுவழி மிகவும் மதிக்கப்பட்டது.

ஒரு துளியைப் பிரித்தல்

இலையிலிருந்து எண்ணெயை எடுக்கும் முறை பழமையானது. அத்தர் காய்ச்சுவோர் நெடுங்காலமாகச் செய்துவருவதே அது. இலையை நீரிலிட்டுக் கொதிக்க வைத்தால், எழும் நீராவியோடு எண்ணெயும் ஆவியாகி மேலேறும். அந்த ஆவியைக் குளிர்வித்தால் நீரும் எண்ணெயும் பிரிந்து நிற்கும். இங்கே ஒரு வியப்பு உண்டு. இவ்வெண்ணெய்ப் பொருள்கள் பலவற்றின் கொதிநிலை 150 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. ஆயினும் நீராவியோடு சேரும்போது 100 பாகைக்குள்ளாகவே அவை மேலேறிவிடுகின்றன. கடும் வெப்பத்தில் சிதையக்கூடிய பொருள்கள் சிதையாமல் வந்து சேர்வதற்கு இதுவே காரணம். ஆய்வகங்களில் இதற்கெனப் பயன்படும் கண்ணாடிக் கருவியைக் கிளவெஞ்சர் என்னும் அமெரிக்கர் 1928இல் அமைத்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. நூறு கிராம் பச்சைத் துளசியிலிருந்து அதில் கிடைக்கும் எண்ணெய் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு.

அச்சிறு துளிக்குள் பல பத்துப் பொருள்கள் கலந்திருக்கும். அவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பது வாயு வண்ணப்பிரிகை என்னும் முறை. பெயரில் வண்ணம் இருந்தாலும் இதில் வண்ணம் எதுவும் தெரிவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசிய நாட்டுத் தாவரவியலார் சுவெட் இலையின் பச்சை, மஞ்சள் நிறமிகளைப் பிரித்துக் காட்டினார். அன்று இட்ட பெயர் நிலைத்துவிட்டது. வாயுவைக் கொண்டு பிரிக்கும் முறையை இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் ஆகிய இருவரும் 1952இல் வெளியிட்டனர்.

ஐதராபாத் நாம்பள்ளியில் ஆண்டுதோறும் சனவரியில் தொடங்கும் நுமாயிஷ் பொருட்காட்சியை நினைத்துக்கொண்டால் இம்முறை எளிதில் விளங்கும். ஒரே வாயிலில் ஒரே நேரத்தில் ஐம்பது பேர் நுழைகின்றனர் என்று கொள்வோம். அவர்கள் கடைகள் நிறைந்த ஒரு நீண்ட தெரு வழியே நடந்து மறுமுனையில் வெளியேற வேண்டும். கடைகளில் நாட்டம் இல்லாதவர் விரைந்து வெளியே வருவர். வளையல் கடையில் ஒருமுறை நிற்பவர் சற்றுத் தாமதமாக வருவர். ஒவ்வொரு கடையிலும் நிற்பவர் கடைசியில் வருவர். சேர்ந்து நுழைந்தவர் தனித்தனியே வெளிவருகின்றனர். கருவியில் அத்தெருவாக அமைவது ஒரு குழாய். அதன் நீளம் பெரும்பாலும் 30 மீட்டர். உள்விட்டம் கால் மில்லிமீட்டர் அளவே. சுருளாகச் சுற்றி ஒரு சூட்டடுப்புக்குள் வைக்கப்பட்டிருக்கும். எண்ணெயின் ஆவியை ஈலியம் போன்ற வாயு தள்ளிக்கொண்டு செல்லும். குழாயின் உட்சுவரில் பூசிய படலமே கடைவரிசை. அதில் ஒட்டும் தன்மை ஒவ்வொரு பொருளுக்கும் வேறு. ஆதலால் ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் மறுமுனையை அடையும்; தாளில் ஒரு கூம்பாகப் பதியும். கூம்பு பெரிதெனில் பொருளின் அளவும் பெரிது.

வெளிவந்த பொருள் எது என்பதை அறிய, அதனோடு இணைத்த நிறை நிறமாலைமானி மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் நிறையை அளக்கும். அவ்வளவுகளை முன்பே தெரிந்த பொருள்களின் அளவுகளோடு ஒப்பிடுவர். இதற்கெனத் தொகுக்கப்பட்ட நூல்களுள் உலகெங்கும் பயன்படுவது அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்ஸ் உருவாக்கியது. அதன் நான்காம் பதிப்பு 2007இல் வெளிவந்தது. நறுமணத் தொழிலுக்கும் பெரிதும் பயன்படும் அந்நூலை ஆக்கியவர் ஒரு தாவர வகைப்பாட்டியலார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சூனிபர் என்னும் ஊசியிலை மரங்களின் உறவை அவற்றின் இலை எண்ணெயைக் கொண்டு ஆராய்வதே அவர் வாழ்நாட் பணி.

துளசிகள் எத்தனை?

ஐதராபாத்தின் கிழக்கே உப்பலை அடுத்துப் போடுப்பல் என்னும் பகுதி உள்ளது. 1959இல் தொடங்கப்பட்டு, லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் நடுவண் மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனத்தின் ஆய்வு மையம் ஒன்று அங்கே இருக்கிறது. சுருக்கமாகச் ‘சீமாப்’ என்பர். தக்காணத்தின் செம்மண்ணிலும் குறைந்த மழையிலும் எந்த நறுமணச் செடி நன்கு வளரும், அதன் எண்ணெயில் என்ன இருக்கும் என்று ஆராய்வது அதன் பணிகளுள் ஒன்று. நான்கு துளசிச் சிற்றினங்களின் பதினான்கு தெரிவுகளில் காணப்படும் வேதிப் பன்மையைப் பற்றிச் சீமாப் ஆய்வாளர்கள் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர்.

துளசியை ஏன் இத்தனை நுணுக்கமாக ஆராய வேண்டும்? பெயர்க் குழப்பமே முதற்காரணம். வீட்டு முற்றத்தில் வைத்து வழிபடும் துளசியில் பச்சை இலையுடையதும் கருஞ்சிவப்பு இலையுடையதும் உண்டு. பச்சையை ‘ராம துளசி’ என்றும் கருஞ்சிவப்பைக் ‘கிருஷ்ண துளசி’ என்றும் வழங்குவர். நிறம் வேறாயினும் இவை ஒரே சிற்றினம். ஆனால் வேறு சில ஊர்களில் ‘ராம துளசி’ என்றால் ஆளுயரம் வளரும் மற்றொரு செடி. அது உண்மையிலேயே தனிச் சிற்றினம். தமிழில் எலுமிச்சந்துளசி எனப்படுவது. மருந்துக் கடைக்கு ‘ராம துளசி’ என்னும் பெயரில் காய்ந்த இலை மூட்டை வரும்போது அது இவற்றுள் எது? காய்ந்து நொறுங்கிய இலையில் பூவும் இல்லை, வடிவமும் இல்லை. எஞ்சியிருப்பது மணம் ஒன்றே.

மூன்றாவது சிற்றினம் திருநீற்றுப்பச்சிலை. ஐதராபாத்தில் கோடைக்காலச் சர்பத்திலும் ஃபலூடாவிலும் வழுவழுப்பாக மிதக்கும் ‘சப்ஜா’ விதை இதனுடையதே. நான்காவது கற்பூரத் துளசி. இதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. கிளிமாஞ்சாரோ மலையின் பெயரைத் தன் அறிவியற் பெயரில் தாங்கி நிற்கிறது.

இவற்றின் எண்ணெய்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். வழிபாட்டுத் துளசியில் பொதுவாக யூஜினாலோ மெத்தில் யூஜினாலோ மிகும், காரியோஃபிலீனும் இருக்கும். கிராம்பின் மணத்துக்குக் காரணமானது யூஜினாலே என்பதால்தான் துளசியை மென்றால் சற்றுக் கிராம்பின் நினைவு வருகிறது. திருநீற்றுப்பச்சிலையில் சோம்பை நினைவூட்டும் மெத்தில் சாவிகால், மலர்மணமுடைய லினலூல் ஆகியவை முதன்மை பெறும். கற்பூரத் துளசியில் பெயருக்கேற்பக் கற்பூரமே பெரும்பகுதி. இதுவரை எல்லாம் ஒழுங்காகவே தோன்றும்.

எலுமிச்சந்துளசியை எடுத்துக்கொண்டால் ஒழுங்கு கலைகிறது. ஓரிடத்துச் செடியில் யூஜினால் மிகுந்திருக்கும். மற்றோரிடத்துச் செடியில் தைமால் மிகுந்திருக்கும். பூவும் விதையும் இலையும் ஒன்றே. எண்ணெய் மட்டும் வேறு. இவ்வாறு ஒரே சிற்றினத்துக்குள் எண்ணெயால் வேறுபட்டு நிற்பவற்றை ‘வேதி வகைகள்’ என்பர். ஒரு குடும்பத்தில் பிறந்த உடன்பிறப்புகளுள் ஒருவர் சுருட்டைமுடியோடும் ஒருவர் நீள்முடியோடும் இருப்பதற்கு இதை ஒப்பிடலாம். முடியைப் பார்த்து வேறு குடும்பத்தார் என்று சொல்லிவிடக் கூடாது.

வகைப்பாட்டியலாருக்குத் தலைவலியாகும் இவ்வேறுபாடு, உழவருக்கு வாழ்வும் தாழ்வும் ஆகிறது. பாமரோசா என்னும் நறுமணப் புல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இந்தியாவில் இப்புல்லில் மோத்தியா, சோஃபியா என இரு வகைகள் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். மோத்தியாவின் எண்ணெயில் ரோசாவை நினைவூட்டும் ஜெரானியால் முக்கால் பங்குக்கும் மேல் இருக்கும். சோவுப்பும் அத்தரும் செய்வோர் விரும்பி வாங்குவது இதையே. சோஃபியாவில் அப்பொருள் குறைவு. எண்ணெயின் மதிப்பும் குறைவு. விதை வாங்கும்போது வகை மாறிவிட்டால் உழவருக்கு அது வயலில் தெரியாது. வடித்து முடித்த பிறகே தெரியும். அதற்குள் ஒரு பருவம் போய்விடும். இங்கே பூவைப் பார்த்து முடிவு சொல்ல இயலாத இடத்தில் எண்ணெயே முடிவு சொல்கிறது.

தைலமரம் கற்பித்தது

இலை எண்ணெயைக் கொண்டு ஒரு பேரினம் முழுவதையும் வகைப்படுத்த முதன்முதலில் பெருமுயற்சி செய்தவர்கள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர அருங்காட்சியகம் ஒன்றில் பணியாற்றிய இருவர். பேக்கர் தாவரவியலார், சுமித் வேதியியலார். அவர்கள் ஆராய்ந்தது யூகலிப்டஸ் மரங்களை. தமிழர் தைலமரம் என்றும், தெலுங்கரும் இந்தியரும் ‘நீலகிரி’ என்றும் அழைக்கும் மரம் அது. ஆஸ்திரேலியாவில் தோன்றிய அம்மரம் 1843இல் நீலகிரி மலையில் நடப்பட்டது. பின்னர் மலையின் பெயரே மரத்துக்கும் தைலத்துக்கும் ஆயிற்று. ஐதராபாத் மருந்துக் கடையில் ‘நீலகிரி தைலம்’ கேட்போர் பலர், அது தமிழ்நாட்டு மலை ஒன்றின் பெயர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பேக்கரும் சுமித்தும் நூற்றுக்கும் மேற்பட்ட யூகலிப்டஸ் சிற்றினங்களின் இலைகளை வடித்து, 1902இல் ஒரு பெருநூல் வெளியிட்டனர். அதில் அவர்கள் கண்டு சொன்ன தொடர்பு வியப்பூட்டுவது. இலை நரம்புகள் பறவையின் இறகுபோல நெருக்கமாக ஓடும் மரங்களில் பைனீன் என்னும் பொருள் மிகுந்திருந்தது. நரம்புகள் அகன்று சாய்ந்து ஓடுபவற்றில் சினியோல் மிகுந்திருந்தது. நீலகிரித் தைலத்தின் மூக்கைத் துளைக்கும் மணம் சினியோலின் மணமே. நரம்புகள் மேலும் விரிந்து பட்டாம்பூச்சியின் சிறகுபோல் தோன்றுபவற்றில் வேறு பொருள்கள் மிகுந்திருந்தன. கண்ணுக்குத் தெரியும் நரம்பும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெயும் ஒரே செய்தியைச் சொல்வதாக அவர்கள் நம்பினர்.

அந்நம்பிக்கை முழுவதும் நிலைக்கவில்லை. யூகலிப்டஸ் டைவ்ஸ் என்னும் சிற்றினத்தின் மரங்கள் சிலவற்றில் பைப்பரிட்டோன் மிகுந்தும், அவற்றைப் போன்றே தோன்றும் வேறு சிலவற்றில் சினியோல் மிகுந்தும் இருப்பதை அதே சிட்னி நகரில் பென்ஃபோல்டு, மோரிசன் ஆகியோர் 1927இல் எடுத்துக்காட்டினர். இவற்றை இரு சிற்றினம் என்பதா, ஒன்று என்பதா? ஒன்றே என்று கொண்டு, உள்வகைகளாகக் குறிப்பதே முறை என்று பின்னர் முடிவாயிற்று. ஆயினும் பேக்கரின் உழைப்பும் சுமித்தின் உழைப்பும் வீணாகிவிட்டதாகச் சொல்ல இயலாது. இறகு நரம்புடைய மரங்களை ஹில், ஜான்சன் ஆகியோர் 1995இல் கோரிம்பியா என்னும் தனிப் பேரினமாகப் பிரித்தனர். எலுமிச்சை மணம் வீசும் யூகலிப்டஸ் என்று நம் நாட்டில் வழங்கும் மரமும் அவ்வாறு பெயர் மாறியவற்றுள் ஒன்று. சிட்ரோனெல்லால் என்னும் பொருளுக்காக அம்மரம் இந்தியாவில் வளர்க்கப்படுகிறது.

எண்ணெயை ஒப்பிடுவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே மரத்திலும் உறுப்புக்கு உறுப்பு எண்ணெய் மாறும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் இலவங்க மரத்தின் பட்டையில் சின்னமால்டிகைடு மிகும், இலையில் யூஜினால் மிகும், வேர்ப்பட்டையிலோ கற்பூரம். ஒரே மரத்திலிருந்து எடுத்த மூன்று எண்ணெய்களை மூன்று புட்டிகளில் கொடுத்தால் அவை மூன்று மரங்களுடையவை என்றே எவரும் கூறுவர். இளந்தளிருக்கும் முற்றிய இலைக்கும், மழைக்காலத்துக்கும் கோடைக்கும் கூட வேறுபாடு உண்டு. ஆதலால் ஒரே பருவத்தில், ஒரே முதிர்ச்சியுள்ள இலைகளைப் பறித்து ஒப்பிட்டால்தான் ஒப்பீடு செல்லும்.

கறிவேப்பிலையின் இரு பெயர்கள்

மீண்டும் கறிவேப்பிலைக்கு வருவோம். அதன் அறிவியற் பெயரில் ‘கோனிகி’ என்னும் சொல் உள்ளது. அது கோனிக் என்னும் மருத்துவரைக் குறிக்கும். லின்னேயசிடம் கற்ற அவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து, சோழமண்டலக் கடற்கரையின் செடிகளைத் திரட்டினார். சிலகாலம் ஆர்க்காட்டு நவாபிடமும் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றினார். 1785இல் காக்கிநாடாவுக்கு அருகில் இறந்தார். தமிழ்நாட்டில் தொடங்கித் தெலுங்கு நாட்டில் முடிந்த அவர் வாழ்வின் நினைவு, இரு நாட்டுக் குழம்பிலும் மிதக்கும் இலையின் பெயரில் அமைந்தது பொருத்தமே.

லின்னேயஸ் 1771இல் இச்செடியைப் ‘பெர்கெரா’ என்னும் பேரினத்தில் வைத்தார். 1825இல் சுப்ரெங்கல் என்பார் அதை ‘முர்ரயா’ என்னும் பேரினத்துக்கு மாற்றினார். முர்ரயாவில் ஏற்கெனவே இருந்தது வடநாட்டார் காமினி என்று அழைக்கும் செடி. மணமிக்க வெள்ளைப் பூக்களுக்காகப் பூங்காக்களில் வேலியாக வளர்க்கப்படுவது அது. இரண்டும் எலுமிச்சைக் குடும்பம். இரண்டின் இலையிலும் ஒளிப்புள்ளி உண்டு. இரண்டிலும் வெண்ணிறப் பூ. எனினும் காமினியின் பழம் சிவப்பு. கறிவேப்பிலையின் பழம் முற்றினால் கருமை. இரண்டும் ஒரே பேரினமா என்ற ஐயம் சிலருக்கு இருந்துகொண்டே இருந்தது.

இவ்வழக்கில் இலை எண்ணெய் தெளிவான சான்று தரவில்லை. ஓரிடத்துக் கறிவேப்பிலையில் பைனீன் மிகும், மற்றோரிடத்தில் காரியோஃபிலீன் மிகும் என்ற நிலையில், அதைக் கொண்டு பேரினத்தை முடிவு செய்வது அரிது. விடை இருந்தது எண்ணெயில் அன்று. எண்ணெய் மேலேறிய பிறகு வடிகலத்தில் தங்கிவிடும் இலைச்சக்கையில். கார்பசோல் ஆல்கலாய்டுகள் எனப்படும் பொருள்கள் நீராவியோடு மேலேறுவதில்லை. அவற்றைக் கறிவேப்பிலை மரத்திலிருந்து 1960களில் கொல்கத்தா வேதியியலார் பிரித்தெடுத்தனர். 1980களில் ஹாங்காங்கில் இப்பேரினத்தின் சிற்றினங்களை ஒப்பிட்டவர்கள், கறிவேப்பிலையும் அதன் நெருங்கிய உறவுகளும் கார்பசோலை உண்டாக்குகின்றன என்றும், காமினியைச் சேர்ந்தவை அவற்றுக்கு மாறாகக் கூமரின் என்னும் வேறு வகைப் பொருள்களை உண்டாக்குகின்றன என்றும் கண்டனர். வேதியியல் போட்ட கோடு ஒரே பேரினத்தின் நடுவே சென்றது. 2000க்குப் பின் வந்த மரபணு ஆய்வுகளும் அதே கோட்டின் இருபுறமும் இச்செடிகளை நிறுத்தின. லின்னேயஸ் இட்ட ‘பெர்கெரா’ என்னும் பெயரே இன்று தாவரப் பெயர்ப் பட்டியல்களில் மீண்டும் ஏற்கப்படுகிறது. பாடநூல்கள் பலவற்றில் இன்னும் ‘முர்ரயா’ என்றே இருக்கும். ஆதலால் இரு பெயர்களையும் அறிந்திருப்பது நல்லது.

இவ்வாறு பெயர்கள் மாறிக்கொண்டிருக்கும்போது, ஒரு கட்டுரையில் ஆராயப்பட்ட செடி உண்மையில் எது என்பதைப் பின்னால் வருவோர் எப்படி அறிவர்? வடித்த எண்ணெய் நெடுநாள் இராது. ஆதலால் எண்ணெய் எடுக்கும் அதே செடியின் ஒரு கிளையைப் பூவோடும் காயோடும் அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, எண்ணிட்டு, உலர்தாவரத் தொகுப்பகம் ஒன்றில் வைப்பது ஆய்வாளரின் கடமை. அந்த எண்ணைக் கட்டுரையிலும் குறிப்பர். இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டலத் தொகுப்பகம் கோயம்புத்தூரில் இருக்கிறது. தக்காண மண்டல மையம் ஐதராபாத்தில் இருக்கிறது. ஐயம் எழுந்தால் எந்த நாட்டு ஆய்வாளரும் இத்தகைய தொகுப்பகத்துக்குச் சென்று அத்தாளைக் கேட்டுப் பார்க்கலாம். அதன் கீழ்மூலையில் ஒட்டிய சீட்டில் பறித்த இடம், நாள், பறித்தவர் பெயர், செடியின் உயரம், பூவின் நிறம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். ஊரார் அச்செடியை என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்பதையும் விசாரித்து அச்சீட்டிலேயே எழுதி வைப்பர்.